கீழத்தெரு வால்வு

பங்குனி 18, செவ்வாய்

காத்தே இல்ல. கரிசல் வெடிச்சுக் கெடக்கு. வெடிப்புக்குள்ள கைய விட்டா முழங்கை வரை போகுது.

கோவில்பட்டி குடிநீர் ஆபீஸ்ல இருந்து தபால். தண்ணித் தொட்டி வால்வு இனி பஞ்சாயத்துப் பொறுப்பு. இத்தனை வருசம் அங்கன இருந்து ஒருத்தர் பஸ்ஸில் வருவார். எட்டு நாளைக்கு ஒருக்க ஆத்துத் தண்ணி தொட்டியில் ஏறும். மேலத்தெருவுக்குத் திறந்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுருவார். கீழத்தெருக் குழாயில் வெறும் காத்து. கீழத்தெரு ஆளுக எத்தனையோ மனு எழுதியாச்சு. பதில் இல்ல.

எங்க வீடு மேலத்தெரு. பஞ்சாயத்துத் தலைவராகி ஆறு மாசம். குழாயில் காத்து வாரதை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்ல.

மத்தியானம் கண் அசந்துட்டேன். கனவுல மண்ணுக்கு அடியில ஆறு படுத்திருக்கு, யாரோ கூப்பிட்ட மாதிரி புரண்டு படுக்கு. முழிச்சா கழுத்தெல்லாம் வேர்வை.

பங்குனி 20, வியாழன்

வால்வுக்கு கிரீஸ். ரேசன் மண்ணெண்ணெய். கூட்டத்துக்கு ஆள் சொல்லணும்.

தண்ணி பத்தின பஞ்சாயத்துக் கூட்டம் முடிஞ்சது. கீழத்தெரு செல்லத்தாய், தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போறவ, பின்னால நின்னு பேசினா. விடியுமுன்ன தோட்டத்துக் கிணத்துக்கு ரெண்டு நடையாம், பொறவுதான் வேலைக்கு பஸ்ஸாம். "குழாயில தண்ணி வந்து எம்மவ பார்த்ததில்ல தலைவரம்மா."

தீர்மானம்: காலைல ஆறு மணிக்கு முதல்ல கீழத்தெரு, எட்டு மணிக்கு மேலத்தெரு. கையெழுத்துப் போட்டேன்.

சாயந்திரம் மதினி வந்தா, எங்க அண்ணன் பொண்டாட்டி. அவ வீடும் மேலத்தெருதான். ஞாயித்துக்கிழமை அவ மகளுக்கு நிச்சயம். அன்னைக்கே தண்ணி நாள். இந்த ஒரு தடவை மட்டும் பழையபடி விடச் சொன்னா. காப்பி போட எந்திரிச்சுட்டேன் நான். சரின்னு எடுத்துக்கிட்டா போல.

பங்குனி 23, ஞாயிறு

ஆறு மணிக்குக் கீழத்தெரு வால்வைத் திறந்தேன். முதல்ல இருமல் மாதிரிச் சத்தம். பொறவு செம்மண் நிறம். பொறவு தெளிவு. செல்லத்தாய் மக குடம் வைக்க விடாம, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தா. யாரும் அவளைத் திட்டல. வெயில் தண்ணிக்குள்ள உடைஞ்சு உடைஞ்சு ஓடுது. பார்த்துக்கிட்டே நின்னதுல ஒன்பதரை ஆயிட்டு. எட்டுக்கு மேலத்தெருவுக்குத் திறந்திருக்கணும். என் தப்புதான்.

மதினி வீட்ல சோறு வேகல. மாப்பிள்ளை வீட்டார் பந்திக்குக் காத்திருக்காவ. நான் உள்ள நுழையவும் மெதுவாச் சொன்னா: "கோவில்பட்டிக்காரன் செஞ்சிருந்தா போகுதுன்னு விட்டுருப்பேன். நீ செஞ்சிட்டியே."

சாப்பிட யாரும் கூப்பிடல. வந்துட்டேன்.

பங்குனி 25, செவ்வாய்

மேகம். இறங்கல. துணி காயல.

மதினி வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பொண்ணுதான் செம்புல தண்ணி கொடுத்தா. மதினி அடுப்படியை விட்டு வரல. நேரம் தவறினது என் தப்புன்னு சுவரைப் பார்த்துச் சொன்னேன். தீர்மானத்தை மாத்த மாட்டேன்னும் சொன்னேன்.

மதினி உள்ள பாத்திரத்தை உருட்டிக்கிட்டே இருந்தா. பொறவு கேட்டா, அடுத்த தடவை எங்களுக்கு எத்தனை மணிக்குன்னு. எட்டுன்னேன்.

"எனக்கு மட்டும் சொல்லாத. நேரத்தை எழுதிப் பஞ்சாயத்து வாசல்ல ஒட்டு. தவறினா எல்லாரும் கேக்கட்டும்."

எழுதியாச்சு. பசைக்கு மாவு கரைக்கணும்.