முப்பத்தோராம் நம்பர்

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? போனில் உனக்குக் காது கேட்பதில்லை என்று, மருந்து கொடுக்கும் அம்மாளிடம் சொல்லி எழுதவைக்கிறேன்.

பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறேன். எழுத்து தெரியாவிட்டாலும் முகமும் நம்பரும் எனக்கு மறக்காது. மூன்று முறை கூப்பிட்டும் எழாவிட்டால் அடுத்தவரை அனுப்ப வேண்டும். போன மாதம் முப்பத்தோராம் நம்பர் மாணவி, மூலை நாற்காலியில் என்னையே பார்த்தபடி எழாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்தவரை அனுப்பினேன். மறுநாள் விடுதியில் இறந்துகிடந்தாளாம்.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த நம்பர் வந்தால் என் கண்ணுக்கு அதே நாற்காலியில் அவள் இருக்கிறாள். நேற்று அந்த நம்பருக்கு ஒரு பேராசிரியர் எழுந்து வந்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"பெரியவரே, நான்தான் வந்து நிக்கிறேனே, இன்னும் யாரைக் கூப்பிடுறீங்க?"

"வயசாயிடுச்சு சார், நாக்கு நிக்கமாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நீ பயப்படாதே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். என் பழைய கம்பளியை மட்டும் அனுப்பு.

சின்னவள் குரல் போனில் சரியில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். கால் வலித்தாலும் நீ போய் அவள் முகத்தைப் பார். கூட்டம் சேர்ந்துவிட்டது, நான் எழுந்திருக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே போ.