சாலாக் செலாத்தானுக்குப் போகாத தட்டு

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
14.6.1986

அன்பு மகள் ரமணிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று வழக்கம்போல் எழுத வரவில்லை, தலை தெளிந்துவிட்டது, விலா இன்னும் எரிகிறது, மற்றபடி எல்லார்மீதும் ஒரே வெறுப்பு.

நீ திருப்பி அனுப்பிய என் மூன்று கடிதங்களும் ஏப்ரல் கடைசியிலேயே கிடைத்தன. மார்ச் எட்டு, பதினேழு, இருபத்தாறு. மூன்றிலும் ஒரே சேதி, உன் தம்பி விஜயன் கல்யாணத்துக்குத் தட்டு வைத்து அழைக்க நாளைக்குச் சாலாக் செலாத்தான் போய் சபாபதி மாமாவைப் பார்க்கப்போகிறேன், வெற்றிலை வாங்கியாயிற்று, கற்கண்டு வாங்கியாயிற்று என்று. ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை பார். பண்டமாரானில் உன் பெரியப்பா மகள் தங்கமணி வீட்டுக்கு மட்டும் இரண்டு முறை தட்டோடு போய் நின்றிருக்கிறேன், அவளும் வாயைத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். விஜயன் கேட்டபோதெல்லாம், மாமாவைக் கூப்பிட்டாச்சுப்பா, காப்பிகூட குடிச்சிட்டுத்தான் வந்தேன் என்றேனாம். பொய் இல்லையடி, குடித்ததாகவே எனக்கு நினைப்பு. கடைசியில் கிள்ளானில் மண்டபம் நிறைய ஆட்கள், மாலை போடத் தாய்மாமன் இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

அதற்கப்புறம் நடந்த கூத்து இன்னும் அசிங்கம். அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று அடுப்புப் பக்கமே விடவில்லை. மருமகள் சந்திரகலா நல்ல பெண்தான், ஆனால் காலையில் எழுந்ததும் இன்னிக்கு என்னா கிழமை சொல்லுங்க அத்தை என்று சின்னப்பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்பாள். இந்த வீட்டைக் காலிசெய்து ரவாங்கில் அவர்கள் பார்த்திருக்கும் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய்ப் பின்னறையில் உட்கார வைப்பதாகப் பேச்சு. ஐம்பத்தெட்டு வயதில்! அக்கி ஆறியும் எரிச்சல் நிற்கவில்லை என்றுதானே அந்த கிளினிக் டாக்டரிடம் போனேன். அவர் கொடுத்த மாத்திரை சாப்பிட்டதிலிருந்து மறதியாக இருக்கிறது என்று மறுபடி போய்ச் சொன்னால், மனிதர் தலையைக்கூட நிமிர்த்தாமல், வயசாச்சு ஆன்டி, அப்படித்தான் லா என்று ஒரு மாத்திரைக்கு இரண்டாகக் கூட்டி எழுதிக் கொடுத்தார். தூ! காவி குழைத்து அக்கி எழுதிய மாரியாயி அக்காவாவது என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

திருப்பி அனுப்பிய கடிதங்களோடு, நரம்பு வலி மாத்திரை தொடங்கிய தேதியையும் முதல் கடிதத்தின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாரம்மா, நீயாகத் திடீரென்று நிறுத்திவிடாதே என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். மாத்திரை பிப்ரவரி இருபது, கடிதம் மார்ச் எட்டு. உன்னை நர்ஸ் படிக்க அனுப்பியதற்கு அன்றைக்கு என்னைத் திட்டாதவர்கள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உன் கடிதத்தைக் காட்டினேன், அங்கிருந்த டாக்டரம்மா உட்காரவைத்துக் கேட்டு, மெல்ல மெல்லக் குறைத்தார்கள். ஐந்து வாரத்தில் பெயர்கள் திரும்பின, கிழமை திரும்பியது. நான் செய்ததையெல்லாம் அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான் தாங்கவில்லை. விலா எரிந்தால் எரியட்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை, தட்டை எடுத்துக்கொண்டு சாலாக் செலாத்தான் போனேன். கல்யாணம் முடிஞ்சி ரெண்டு மாசம் ஆச்சு, இப்ப எதுக்கு வெத்தலை என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் வெற்றிலைக்குப் பக்கத்தில் அந்த மூன்று கடிதங்களையும் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தான். மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன்க்கா, மூணு வாட்டியும் என்னைத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தியா என்றான். அப்புறம் காப்பி வந்தது. இந்த முறை நிஜமாகவே குடித்தேன்.

ரவாங் பேச்சை விடும்படி விஜயனுக்கு நீயே நாலு வரி எழுது, நான் சொன்னால் கேட்கமாட்டான். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இதே கடிதம் இன்னொரு முறை உனக்கு வந்தால் தபாலில் திருப்பி அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா.

உன் அம்மா,
இராஜம்மா