இரண்டு பேருக்குத் தெரிந்த கடவுச்சொல்

மேடம்,

பழைய சர்வரை இன்று கழற்றினார்கள். பக்கத் தகட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து நெல் வாசனை வந்தது. விசிறியைச் சுற்றி ஒரு கைப்பிடி பதரும் தூசியும். பக்கத்து அறையில் நெல் சாக்கு அடுக்கும் அலுவலகத்தில் இது இயல்புதான். ஆனாலும் கழற்ற வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் அவரை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்டிருப்பீர்கள்: "யார் போட்டா சார்?"

பஸ் பத்து நிமிடத்தில் வரும் என்றால் "யார் சொன்னா?" என்பீர்கள். பால் இப்போதுதான் கறந்தது என்று டீக்கடைக்காரர் சொன்னால் "யார் பாத்தா?" என்பீர்கள். ஒரே அறையில் ஆறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் நிரந்தரம், நீங்கள் ஒப்பந்தம். கூத்தாநல்லூருக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் முடிகிற இடத்தில் உங்கள் ஊர். "ஆத்துல தண்ணி தொறந்தாச்சுன்னு நியூஸ்ல சொல்லுவாங்க சார். எங்கூருத் தவளைகூட நம்பாது" என்றீர்கள் ஒரு முறை.

இன்று கழற்றிய இந்த சர்வரைச் சம்பா அறுப்பு தொடங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் அன்று புதிதாக வைத்தார்கள். அலுவலகங்களுக்கு இந்த நேரம் எப்படித்தான் கண்ணில் படுகிறதோ. வேலை எளிமையானது. கொள்முதல் நிலையத்துக் கணினி தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் சர்வரைக் கூப்பிட்டு, 'நெல் பதிவு' என்று ஒரு பெயரைச் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்று கேட்கும். சர்வர் ஒரு முகவரி தரும். நிலையத்துக் கணினி அந்த முகவரிக்குப் போய்த் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த வாரம் எல்லா நிலையங்களிலும் பெயர் கிடைத்தது, முகவரியும் கிடைத்தது, அங்கே போனால் மட்டும் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தது. பதிவு இல்லாமல் நெல் எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. நெல் வெளியில் கிடந்தது.

அதே நிரலை எங்கள் அறையில், அந்த சர்வரிலேயே ஓட்டினால் அருமையாக ஓடியது. அதைப் பார்த்து நான் பதிவேட்டில் நான்கு நாளும் 'இங்கே சரியாக உள்ளது' என்று எழுதினேன். நான்காம் நாள் என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது.

மேலாளருக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. சர்வரின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும், உங்களுக்கும் எனக்கும். நான் எந்த மாற்றமும் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பித்தான் எழுதினேன். இரண்டிலிருந்து ஒன்றைக் கழிக்க அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை.

உதவி செய்யாமலும் இல்லை. அந்த நான்கு நாட்களும் உங்களைக் கவனித்தேன். போன் வந்தால் வராந்தாவுக்குப் போனீர்கள். நான் வந்தால் தாளைக் கவிழ்த்து வைத்தீர்கள். ஒரு நாள் காரணமில்லாமல் சிரித்தீர்கள். சந்தேகத்துக்கு ஆதாரம் தேவையில்லை. எதிர் நாற்காலி போதும். பட்டியலை மனதில் வைத்திருந்தேன், மேலாளர் கேட்டபோது அதிலிருந்து ஒன்றிரண்டைச் சொன்னேன். கேட்டதற்குத்தானே சொன்னேன் என்று வெகு காலம் என்னையே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நீங்கள் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். "இங்க உக்காந்து இங்கயே கேட்டா இங்கதான் சார் சரியா இருக்கும். கெளம்புங்க, நிலையத்துல போய் நிப்போம்."

உங்கள் ஊர்ப் பக்கத்து நிலையத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். தார்ப்பாய்க்குள் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. கிழக்கே வானம் கறுத்திருந்தது. குவியலின் மேல் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "தஞ்சாவூர்லேந்து ரெண்டு ஆபீசர் வந்துருக்காங்கடா. நெல்லு பயந்துபோயி தானே காஞ்சிடும் பாரு."

"அவங்களை ஏன்யா வையுற? கம்ப்யூட்டருக்கே ஒடம்பு சரியில்லையாம்."

"நாலு நாளா நெல்லோட நானும் நனையுறேன். எனக்கு ஒடம்பு சரியாத்தானே இருக்கு?"

நான் கேட்காததுபோல் நடந்தேன். நீங்கள் நின்று பதில் சொன்னீர்கள்: "மத்தியானத்துக்குள்ள சரி பண்ணலேன்னா எங்க ரெண்டு பேரையும் தார்ப்பாய்க்குள்ள போட்டு மூடிடுங்க பெரியப்பா." அவர் சிரித்தார். எனக்குத் தார்ப்பாய்தான் கண்ணில் பட்டது.

நிலையத்துக் கணினியில் உட்கார்ந்து நீங்கள் செய்தது ஒன்றே ஒன்று. பெயர் கிடைத்ததா என்று பார்க்கவில்லை. கிடைத்த முகவரி என்ன என்று திரையில் அச்சிடச் சொன்னீர்கள். 127.0.0.1 என்று வந்தது. கணினி உலகத்தில் அந்த எண்ணுக்கு 'நானேதான்' என்று பொருள். எந்தக் கணினி படித்தாலும் தன்னைத்தான் நினைத்துக்கொள்ளும். தஞ்சாவூர் சர்வர், வந்து கேட்ட எல்லாருக்கும் 'நானேதான்' என்று சொல்லி அனுப்பியிருந்தது.

"சார், இந்த மிஷினு நாலு நாளா தன் வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டு, உள்ள ஆளில்லன்னு திரும்பி வருது."

அங்கிருந்தே சர்வருக்குள் நுழைந்து, பெயர்களும் முகவரிகளும் எழுதிய கோப்பைத் திறந்தீர்கள். சர்வரின் பெயருக்கு எதிரே அந்த எண் இருந்தது. வரிக்குக் கீழே இரண்டு வெற்று வரிகள். எதை எழுதினாலும் கீழே இரண்டு வரி விடுவது என் பழக்கம். என் விடுப்புக் கடிதத்தைக்கூட அப்படித்தான் எழுதுவேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சர்வர் வைத்த அன்று ஏதோ எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது; அதை நிறுத்த ஒரு வரி சேர்த்தேன். எச்சரிக்கை நின்றது. மாற்றம் என்று அதை நான் நினைக்கவே இல்லை.

நீங்கள் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தீர்கள். பிறகு எண்ணைத் திருத்தி சர்வரை மறுபடி ஓடவிட்டீர்கள். முதல் ரசீது வெளியே வந்தபோது தூறல் விழத் தொடங்கியிருந்தது. பெரியவர் குவியலைவிட்டு எழுந்தார்.

"டீ சாப்புடலாமா சார்?" என்றீர்கள். 'யார்?' என்று கேட்காமல் நீங்கள் இருந்தது அதுதான் முதல் தடவை. அதனாலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன்.

திங்கட்கிழமை உங்களுக்கு மெமோ வந்தது. 'அனுமதியின்றி அமைப்பை மாற்றிக் கொள்முதலைத் தடுத்தது ஏன்?' நீங்கள் எழுதிய விளக்கம் ஒரு வரி: 'தவறான முகவரி திருத்தப்பட்டது, கொள்முதல் நடக்கிறது.' தவறாக எழுதியது யார் என்று அதில் இல்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் நிரந்தரமாக்கப்பட்டவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் வரவில்லை. காரணம் எழுதவில்லை. நீங்கள் ஒரு தனியார் கல்லூரி வேலைக்குப் போனீர்கள்.

பல வருடம் கழித்து, உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அன்று சொல்லாத வாக்கியத்தையும் கொண்டுவந்தேன். "அந்த வரி நான் போட்டது மேடம்."

"தெரியும் சார். தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. நான் போடல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்: "நீங்க வந்து சொல்லுவீங்களான்னுதான் சந்தேகமா இருந்துச்சு."

மன்னிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். "எங்கிட்ட சொல்லி என்ன சார்? எழுத்துல குடுத்ததை எழுத்துலதான் திருப்பி வாங்கணும்" என்றீர்கள். செய்கிறேன் என்றேன். "யார் பாக்கப் போறா?" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

போன வாரம் எழுதினேன். மெமோவுக்குக் காரணமான மாற்றம் என்னுடையது, என் பழைய வாக்குமூலம் தவறு என்று ஒரு பக்கம். தலைமை அலுவலகப் பணியாளர் பிரிவில் இருந்தவர் மரியாதையாக வாங்கி, உங்கள் பெயரைக் கணினியில் தட்டினார்.

"அப்படி யாரும் இல்லீங்களே சார்."

"ஒப்பந்தத்துல இருந்தாங்க."

"ஒப்பந்தம் முடிஞ்சா பேரை எடுத்துடுவோம். பேரு இல்லாம இதை எங்க சார் சேக்குறது?"

"அவங்க இறந்துட்டாங்க" என்றேன்.

"அப்ப தேவையே இல்லீங்களே" என்று ஆறுதலாகச் சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார்.

தாள் என் பையில் இருக்கிறது. அங்கே மூன்று முறை போய்விட்டேன். இப்போது என்னைக் கண்டதும் அவர் கண்ணில் சந்தேகம் தெரிகிறது. செத்துப்போனவரின் மெமோவில் இந்த ஆளுக்கு என்ன லாபம் என்று யோசிக்கிறார். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். "பேர் இருக்கும். பழைய காகிதத்துல தேடுங்க" என்கிறேன்.