மொட்டைப்பாறைக்குக் கீழே ஒரு கோடு

மார்ச் 24, செவ்வாய்

காலையிலேயே வெயில். மூடுபனி பெயருக்குக்கூட இல்லை. பெருநாள் முடிந்து மூன்று நாள், சர்க்கரை 212. டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "நடங்கம்மா. சும்மா ஏரியச் சுத்தி இல்ல, மேடு ஏறி நடங்க."

மேடு என்றதும் மொட்டைப்பாறைதான் நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி ஏற்காடு வந்து இருபத்தாறு வருஷம். கடை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த உச்சியைப் பார்க்கிறேன். ஒரு தடவைகூட ஏறியதில்லை.

மிளகு விற்கக் கடைக்கு வந்த மாரமங்கலம் மல்லிகாவிடம் கேட்டேன். அவளுடைய இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் அந்தப் பாறைக்கு நேர் கீழே.

"இப்ப யாரையும் மேல உடமாட்டாங்க அக்கா. காடு நொம்பக் காஞ்சு கெடக்குது, தீ புடிக்கிற காலம். மழ பேஞ்சாத்தான்."

மழைக்கு அவளும்தான் காத்திருக்கிறாள். காப்பி மொட்டு கட்டி நிற்கிறது. ஒரு மழை விழுந்தால் பூக்கும்.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். வியாழன் அன்று ஊர்க்காரர்கள் ஃபயர் லைன் கூட்டுகிறார்கள். காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே, பாதை அகலத்துக்குச் சருகில்லாமல் கூட்டிவிட்டால் தீ தாண்டாது. வேலைக்கு வருகிறவர்களுக்குத் தடை இல்லை. "ஊட்டுக்கு ரெண்டு ஆளு வரோணும். எங்கூட்டுக்காரரு சேலத்துல வேலைக்குப் போயிட்டாரு. நீங்க வாங்க."

எடுத்துவைக்க: ஷூ (பையனுடையது, பெரிசு), தொப்பி, பொரிகடலை, மாத்திரை.

இவர் சிரிக்கிறார். "கடைப்படி ஏறவே மூச்சு வாங்குது. மொட்டைப்பாறையாம்!"

மார்ச் 26, வியாழன்

கால் என்னுடையது இல்லை.

முதல் பஸ். நாற்பது பேர், கையில் தென்னந்துடைப்பம். எனக்கு அறுபது அடி, மல்லிகாவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து உச்சிக்குக் கால் மணி நேர ஏற்றம்தான். காட்டிலாகா வாச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "மூணு மணிக்கு விசில் ஊதுவேன், எல்லாரும் எறங்கிரோணும். அதுக்குள்ள வேல முடிஞ்சா ஒரு எட்டு மேல போய்ட்டு வாங்க பாயம்மா."

பறந்து பறந்து கூட்டினேன். இரண்டு மணிக்கெல்லாம் முடித்தாயிற்று. கடையில் சாமான் அடுக்கிப் பழகிய கை. சருகை ஏழு குவியலாக, ஒரே அளவில், லைன் ஓரமாக வரிசை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்றேன். ம. வந்து பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, தீக்கு அடுப்பா கூட்டி வெச்சிருக்கீங்க?"

குவித்து வைத்தால் ஒரு பொறி போதுமாம். எரிந்து பறந்து தோட்டத்துக்குள் விழும். சருகை லைனை விட்டுத் தள்ளித் தோட்டத்துக்குள் இழுத்துப் போய், காப்பிச் செடிகளுக்கு நடுவே மெல்லிசாகப் பரப்ப வேண்டும்.

"நீங்க மேல போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் பங்கிலேயே பாதி பாக்கி.

ஆசை. நாலு எட்டு வைத்தும்விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஏழு குவியல், எல்லாம் என் கைவேலை. என்னையே திட்டிக்கொண்டு இறங்கினேன். ஏழையும் கலைத்துப் பரப்பி முடிக்கவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது.

வீட்டில் இவர்: "உச்சி எப்படி?"

"கீழ இருந்து பாத்தா நல்லா இருக்கு."

மார்ச் 27, வெள்ளி

சர்க்கரை 168! தைலம் அரை பாட்டில் காலி. பச்சரிசி லாரி வரவில்லை. படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மா".

மார்ச் 29, ஞாயிறு

மாடியில் மிளகாய் காயப்போடப் போனேன். மொட்டைப்பாறைப் பக்கம் புகை.

ம.வுக்கு நான்கு தடவை போன். எடுக்கவில்லை. இவரை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன். உடனே இரண்டு தண்ணீர் கேனை வைத்துக் கட்டினார். வழியெல்லாம் குவியலை எண்ணிக்கொண்டே போனேன். ஏழா, எட்டா? ஒன்றை விட்டுவிட்டேனோ?

ஊரே லைனில் நின்றது, கையில் பச்சைத் தழையோடு. புல் சரிவு முழுவதையும் எரித்துக்கொண்டே தீ இறங்கியது. பெருமழை மாதிரி சத்தம். என் அறுபது அடிக்கு முன்னால் வந்தது, தின்ன ஒன்றும் இல்லை, நின்றுவிட்டது. பொறி விழுந்த இடத்தையெல்லாம் தழையால் அடித்து அணைத்தோம்.

ம. முகமெல்லாம் கரி. "ஒரு செடி போகலீங்க அக்கா!" அழுதாள், சிரித்தாள். நானும் அதே. இவர் பெருநாள் பந்தியில் நிற்பதுபோல் ஆள் ஆளாகத் தேடித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மார்ச் 31, செவ்வாய்

மழை!! நாலு மணிக்கு இடி, ஒரு மணி நேரம் கொட்டல். வாசலில் இருந்த உப்பு மூட்டை நனைந்துவிட்டது. இவர் ஒரே கத்தல். நான் ம.வுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கமும் மழைச் சத்தம்தான், பேச்சு கேட்கவில்லை. போதும்.

ஏப்ரல் 9, வியாழன்

சர்க்கரை 141. தடை எடுத்தாயிற்று. காலையில் ம. போன்: "பூத்திருச்சுங்க அக்கா. இன்னிக்கே வாங்க, ரெண்டு நாள்ல உதுந்துரும்."

இதை உச்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன், பில் புக்கின் பின்பக்கத்தில். ஏழு தடவை நின்று மூச்சு வாங்கினேன். ம. எட்டு என்கிறாள். காற்று தொப்பியைக் கொண்டுபோகப் பார்க்கிறது. காப்பிப் பூ வாசம் இவ்வளவு உயரத்துக்கும் வருகிறது.

சேலம் பக்கம் பார்க்கத்தான் வந்தேன். கண் கீழேயே போகிறது. பாறைக்குக் கீழே கன்னங்கரேல் என்று எரிந்த சரிவு. அதற்கும் கீழே தோட்டம், வெள்ளை வெளேர். நடுவில் செம்மண் கோடு. ம. கூட்டிய இடம் நூல் பிடித்த மாதிரி நேர். அடுத்த அறுபது அடி வளைந்து வளைந்து போகிறது.

போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். உடனே பதில்: "இதுல உன் பங்கு எது?"

"கோணலா இருக்கறது" என்று போட்டேன்.