வளரக் கூடாத பிளேட்

மார்ச் 3, திங்கள்

கிருமி வளர்க்கும் பிளேட்டுகளில் மருந்து கலந்த புது மீடியா ஊற்றினோம். சோதனைக்கு வழக்கம்போல இரண்டு பிளேட். வளர வேண்டிய பிளேட்டில் மருந்துக்கு அடங்காத குடல் கிருமியைப் போடுவோம். வளரக் கூடாத பிளேட்டுக்கு ஃப்ரீசரில் மருந்துக்கு அடங்கும் ஒரு சாதுக் கிருமி இருந்தது. ஃப்ரீசர் பழுதானபோது அது செத்துப்போனது. அன்றிலிருந்து என் மோஷன்தான். பத்து வருஷமாக ஆன்டிபயாடிக் ஒன்றுகூட விழுங்காத வயிறு ஆயிற்றே! "உங்க வயிறு கோயில்க்கா" என்றார் கண்ணாடிக்காரர். லேபில் எனக்கு எதிரே உட்காரும் டெக்னீஷியன்.

"தினம் காலையில நடை திறக்கணுமே, அதான் பெரும்பாடு" என்றேன்.

வீட்டில் தம்பிக்கு மூன்றாவது கீமோ முடிந்து ஆறாம் நாள். வெள்ளை அணு தரைதட்டிக் கிடக்கிறது. "மறுபடியும் வேகவச்ச உருளைக்கிழங்கா? இதுக்கு வியாதியே தேவல" என்றான். ஆனாலும் நான் ஊட்டினால்தான் நாலு வாய் இறங்குகிறது.

மார்ச் 4, செவ்வாய்

வளரக் கூடாத பிளேட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். இருபதுக்கு மேல்.

கண்ணாடிக்காரர் மீடியாவில் மருந்துப் பொடி போட மறந்திருக்கிறார். வேறென்ன? எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "போட்டேன்க்கா, சத்தியமா போட்டேன்" என்றார். மொத்தத்தையும் கொட்டச் சொல்லிவிட்டேன். புதிதாக ஊற்றியாயிற்று.

மார்ச் 5, புதன்

மறுபடியும்.

மார்ச் 6, வியாழன்

கண்ணாடிக்காரர் தானாகவே தன் சாம்பிளையும் நேற்று என்னுடையதோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். அதே மீடியா, அதே இன்குபேட்டர். அவர் பிளேட் வெறுமை. என்னுடையதில் அதே புள்ளிகள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மருந்தே போடாத மீடியா என்றால் பிளேட் முழுக்கப் படர்ந்திருக்கும், இருபது புள்ளியோடு நிற்காது. பத்தொன்பது வருஷம் இதே வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். செவ்வாயே தெரியும். அதனால்தான் அப்படிக் கத்தினேன்.

மருந்துக்கு அடங்காத கிருமி என் வயிற்றுக்குள்ளேயே வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகாது. குடலில் சும்மா குடியிருக்கும். தம்பி ரத்தத்துக்குள் போனால் — வேண்டாம், எழுத வேண்டாம்.

"லேப் டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்கக்கா" என்றார் கண்ணாடிக்காரர். நானே சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். சொன்னால் முதல் வேலையாக என்னைத் தம்பியிடமிருந்து பிரிப்பார்கள். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

தம்பி சாம்பிளை எடுத்துப் பார்க்கலாமே? எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும்.

மார்ச் 8, சனி

சொல்லவில்லை. கை தோல் உரியும்வரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பிக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. வார்டில் சேர்த்தேன். டியூட்டி டாக்டர் கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, வெள்ளை அணு குறைந்தவர்களுக்கு முதலில் ஏற்றும் மருந்தைத் தொங்கவிட்டார். பாட்டில் மேல் பேரைப் படித்தேன். எங்கள் மீடியாவில் போடுகிற அதே மருந்து. என் கிருமி சட்டை செய்யாத மருந்து.

"வீட்ல யாருக்காவது ஏதாவது பிரச்சனை இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்."

பாவி. அடிப்பாவி. எப்படிடி வாய் வந்துச்சு உனக்கு?

மார்ச் 10, திங்கள்

காலையில் முதல் வேலையாக லேப் டாக்டரம்மா மேசையில் என் பிளேட்டை வைத்தேன். பிளேட்டைப் பார்த்தார். அதில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். "போன வாரமேவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வார்டுக்குப் போன் போட்டார். பத்து மணிக்கு மருந்தை மாற்றினார்கள்.

பதினொன்றுக்குத் தம்பியின் கல்சர் பாட்டிலில் கிருமி வளர்வதாக மெஷின் அலறியது. கண்ணாடிக்காரர் என்னைக் கிட்டவே விடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அவன் தனி அறையில். நான் கையுறை, அங்கி, முகக்கவசத்தோடு பத்து நிமிஷம். "என்னக்கா, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்றான். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது.

மறைக்காமல் சொன்னேன். "என்னாலதான் வந்திருக்கும்டா."

கண்ணைத் திறக்கவில்லை. "இத்தன நாளா என் பெட்பேனை யாரு கழுவினா? என்கிட்டேருந்துதான் உனக்கு வந்திருக்கும். லூசு" என்றான்.

மார்ச் 13, வியாழன்

காலை ஆறேகாலுக்குப் போய்விட்டான்.

மார்ச் 24, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். கண்ணாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும்க்கா, மீடியாவத்தானே திட்டினீங்க" என்றார். அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன்: அவனிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து அவனுக்கா?

"ரெண்டும் ஒரே கிருமி. யார்கிட்டேருந்து யாருக்குன்னு பிளேட் சொல்லாதும்மா."

"நான் வியாழக்கிழமையே சொல்லியிருந்தா?"

அவர் மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 31, திங்கள்

புது மீடியா. வளரக் கூடாத பிளேட்டுக்கு ஒருவழியாக வெளியிலிருந்து சாதுக் கிருமி வரவழைத்துவிட்டார்கள். இனி யார் வயிறும் வேண்டாம்.

வளர வேண்டிய பிளேட்டுக்கும் ஃப்ரீசரில் புதுக் குப்பி. கண்ணாடிக்காரர் அவசரமாகத் தானே எடுக்கப் பார்த்தார். கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். லேபிளில் பேர் கிடையாது. ஒரு நம்பர், 'ரத்தம்', மார்ச் 9.

கம்பியால் தொட்டு பிளேட்டில் நான்கு கோடு இழுத்தேன். மூடி, கவிழ்த்து, முப்பத்தேழு டிகிரியில் வைத்தேன்.

காலைக்குள் நன்றாக வளர்ந்துவிடும்.