மீனலோசினி ஏறாத ஜீப்

ஜூன் 11

தோசை மாவு மறுபடியும் புளித்துவிட்டது. ஒற்றை ஆளுக்கு ஒரு பாக்கெட் மாவு என்றால் வேறென்ன ஆகும்? பாதி பாக்கெட் கிடைக்குமா என்று கடையில் கேட்டால் சிரிக்கிறான். போடா போ என்று வந்துவிட்டேன்.

குருவிகுளத்தில் இருக்கும் நிலத்துக்குப் போய் வந்தேன். ஜீப் குலுக்கியே கொன்றது. சக்கரத்துக்கு மேலே தாங்குகிற கமான் பட்டைகள் எல்லாம் இறுகிப்போய்விட்டன. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டியிருக்கிறது.

இந்த வண்டியில்தான் என் மனைவி மீனாவுக்கு முதுகு போனது. குலுக்கமே கூடாது என்றார் டாக்டர். அந்த முதுகோடுதான் மகள் அனுவின் பிரசவத்துக்குச் சென்னை போனாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இவள் வருகிற வழியைக் காணோம். கேட்டால், "இங்கன பேரன் இருக்கான். அங்கன வந்து நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்கிறாள். அந்த நாலு சுவரோடுதான் நான் இருக்கிறேன்.

ஜூன் 14

மீனா போன் பண்ணினாள். கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறாளாம்!

"தபசு பாத்துட்டுத் திரும்பிருவேன். ஒங்க ஜீப்புல மட்டும் ஏறச் சொல்லாதீங்க."

திரும்பிருவேன் என்பதை ஏன் முதலிலேயே சொல்ல வேண்டும்?

ஜூன் 15

ஒன்று தோன்றியது. வண்டி குலுங்காவிட்டால்?

நிலத்தில் அவள் கையால் வைத்த எலுமிச்சைக் கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. நோகாமல் கூட்டிப்போய்க் காட்டிவிட்டால், இங்கேயும் நாலு இடம் போய்வரலாம் என்று தெரிந்துவிட்டால், இருந்துவிடுவாளோ? இருப்பாள். இருக்கத்தான் செய்வாள்.

ஜூன் 18

புளியங்குடி ரோட்டில் ரிஸ்வான் அகமதுவின் பட்டறை. பழைய ஜீப் என்றால் அவனிடம்தான் கொண்டுபோவார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"பட்டை செத்துப்போச்சு அண்ணாச்சி. ஸ்டியரிங்லயும் இம்புட்டு ஆட்டம். இத வச்சிக்கிட்டா ஓட்டுதீங்க?"

புது வகைப் பட்டை, புது ஷாக் அப்சார்பர், பவர் ஸ்டியரிங் எல்லாம் போட்டுவிடலாம், வண்டி அலுங்காமல் போகும் என்றான். பிறகு கேட்டான்: "வண்டில யாரெல்லாம் ஏறுவாங்க?"

என்ன சொல்ல? வீட்டுக்காரி ஊரில் இல்லை என்று ஆரம்பித்தால் எப்போ வருவாங்க, ஏன் வரலை என்று அடுத்தடுத்து வரும். டீக்கடையில் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது.

"நான் ஒருத்தன்தான்" என்றேன்.

"அப்பம் நல்லா ஒசத்திப் போட்டுருவோம். ஓடையில எறக்கினாலும் அடி தட்டாது."

"ஒசத்து மக்கா" என்றேன். எனக்கென்ன.

ஜூலை 2

சாமான் வரவில்லை. தென்காசியில் சாரலாம். இங்கே வெறும் காற்றுதான்.

ஜூலை 9

வண்டி பட்டறையில் கிடப்பதால் வாசல் வெறிச்சென்று இருக்கிறது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது, சாயங்காலம் பால்காரனைக் கூப்பிட்டபோதுதான் உறைத்தது. குரல் கம்மிப்போய் வந்தது. "மேலுக்கு முடியலையா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 24

வண்டி வந்துவிட்டது! அடேயப்பா — ஒற்றை விரலால் திருப்பலாம். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வேண்டுமென்றே மோசமான பாதையாகப் பார்த்து ஓட்டினேன். பக்கத்து சீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தேன், மீனா உட்காரும் இடத்தில். சிந்தியது ஒரு மடக்குதான். "நோவலையே?" என்று சொம்பிடம் கேட்டேன். பைத்தியக்காரன்.

கோயில் பக்கம் நிறுத்தி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. வண்டி ஆனை மாதிரி நிற்கிறது.

ஆகஸ்ட் 5

நாளைக் காலை ரயிலில் வருகிறாள். வீடு முழுக்கக் கூட்டித் துடைத்தேன். புது மாவு வாங்கினேன். முழு பாக்கெட்.

ஆகஸ்ட் 6

எழுதவே பிடிக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஜீப்பை நிறுத்தி, பட்டை மாற்றினேன், ஸ்டியரிங் மாற்றினேன், எல்லாம் ஒனக்காகத்தான், ஏறு என்றேன். மீனா வண்டியைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக் காலைத் தூக்கினாள். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி தூக்கினாள். முகம் சுருங்கிப்போயிற்று. நான் பின்னாலிருந்து ஏற்றிவிடப் போனேன்.

"விடுங்க, எல்லாரும் பாக்காங்க."

ஆட்டோவில் வந்தாள். நான் பின்னாலேயே காலி ஜீப்பில் வந்தேன்.

நான் ஒருத்தன்தான்னு எந்த வாய் சொல்லிச்சு? ரிஸ்வான் கேக்கத்தான செஞ்சான்? ரெண்டு பேருன்னு சொல்ல எனக்கென்ன கேடு! சே.

ஆகஸ்ட் 7

தபசு. நல்ல கூட்டம். அம்பாள் சப்பரத்தின் மேல் ஊரே விளைச்சலை வேண்டுதலாக வீசுகிறது. நம் நிலத்துப் பருத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மீனா அதில் பாதியைப் பிடுங்கி அவளும் வீசினாள்.

ஆகஸ்ட் 9

சாயங்காலம் ரயில் ஏற்றிவிட்டேன்.

காலையில் வெளியே வந்தால், மீனா வாசலில் நின்று கேட் தூணைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கோயில் குங்குமத்தில் விரலைத் தொட்டுத் தூணில் ஒரு கோடு போட்டாள்.

"இம்புட்டு ஒசரம்னா ஏறிருவேன்."

"எறக்கிட்டா வந்து இருந்துருவியா?" கேட்டேவிட்டேன்.

"மொதல்ல எறக்குங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "எலுமிச்சைக்குத் தண்ணி விடுதீங்களா?" என்றாள்.

வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10

சத்தமே இல்லாத வீடு. மாவு மிச்சம் இருக்கிறது. வாசல் தெளிக்கும்போது தூணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12

தரையிலிருந்து கோடு வரைக்கும் ஒரு கயிறு பிடித்து, முடிச்சுப் போட்டு ரிஸ்வானிடம் எடுத்துப் போனேன். வண்டியை இறக்கு, படியும் ஒன்று வை, படி இந்த முடிச்சுக்கு மேலே போகக்கூடாது என்றேன்.

"நல்லா இருக்கத ஏன் எறக்கச் சொல்லுதீங்க? ஓடையில அடி தட்டுமே அண்ணாச்சி."

"தட்டட்டும்."

"யாருக்குப் படி?"

பட்டறையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். இருந்தால் என்ன.

"எங்க வீட்ல ஏறணும். சென்னையில இருக்கா. வந்தா ஏறணும்."

எப்போ வருவாங்க என்று அடுத்துக் கேட்பான் என்று நின்றேன். அவன் கயிற்றை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான். கேட்டிருந்தால், தெரியாது என்றே சொல்லியிருப்பேன்.