கோடிட்ட இடம்

மார்ச் 4
அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். பக்கவாதம். கை பரவாயில்லை, பேச்சுதான் போய்விட்டது. சொற்கள் இருக்கின்றன, கோக்க வரவில்லை. "தண்ணி... சூடு... நீ..." காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் நடத்திய மனிதர்!

மார்ச் 9
நானும் ஆங்கிலம்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மாலை வகுப்பு, கடைக்காரர்கள், நர்சுகள். இலக்கணம் பக்கமே போகமாட்டேன். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? முதல்ல இலக்கணத்தப் போடு" என்பார். "பசிச்சவனுக்குச் சோறு போடுண்ணா, சட்டியக் காட்டாதே" என்பேன். எத்தனை சண்டை! இப்போது அவர் ஒரு சொல் சொன்னால் போதும், மீதியை நானே முடித்துவிடுகிறேன். புரிந்தால் போதாதா?

மார்ச் 15
பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் திட்டிவிட்டாள். "எல்லாத்தையும் நீங்களே முடிச்சுக் குடுத்தா அவர் எப்படி மேடம் பேசுவார்? கொஞ்சம் வாயை மூடிட்டுக் காத்திருங்க." அவர் வாய்க்குப் பழகிப்போனது ஏதாவது இருந்தால் அதிலிருந்து தொடங்கலாமாம்.

மார்ச் 16
அவர் வகுப்பில் வாக்கியப் பயிற்சிக்கு வைத்திருந்த அட்டவணையைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். "ஐ வாண்ட் டு கோ டு" — அப்புறம் ஒரு கோடு. அந்த இடத்தில் ஸ்கூல், பேங்க், மார்க்கெட் என்று மாற்றி மாற்றிப் போட்டு வகுப்பே சேர்ந்து கத்தும். கிளிப்பிள்ளைப் பாடம் என்று நான் செய்யாத கேலியா?

அண்ணன் பார்த்தார். வாய் தானாக ஓடியது. "ஐ வாண்ட் டு கோ டு ஸ்கூல்." தடங்கலே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரிக்கிறார்! சரிண்ணா, நீதான் ஜெயிச்சே.

மார்ச் 28
பேங்க், மார்க்கெட் எல்லாம் போய்வந்தோம் — நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

ஏப்ரல் 6
அவர் மகள் போன் செய்தாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக வருகிறாளாம். "அப்பா என்ன அத்தை சொல்றார்?"

"இங்கயே இருக்கேங்கறார்மா."

அவர் சொன்னது "மக... வீடு..." அவ்வளவுதான். அங்கே வேண்டாம் என்றுதானே அர்த்தம்? வேறென்ன இருக்கமுடியும்? எனக்கும்தான் இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 13
வந்துவிட்டாள். அவர் காலடியில் உட்கார்ந்து, "நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டேன். அவர் சுவரைப் பார்த்தார். "ஐ வாண்ட் டு கோ டு..." நின்றுவிட்டார். கண்ணை மூடித் தேடினார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"...மை டாட்டர்."

எந்த வகுப்பிலும் அந்தக் கோட்டில் அவர் போடாத சொல். முழு வாக்கியம். அவரே சொன்னது. சந்தோஷப்படவேண்டியவள் நான். பாழாய்ப்போன அட்டவணை — நானே எழுதி, நானே ஒட்டி...

ஏப்ரல் 17
போய்விட்டார்கள். வழக்கம்போல் இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டேன்.

மே 3
அட்டவணையைக் கிழிக்கக் கை வரவில்லை. வகுப்பில் அதையே பலகையில் எழுதினேன். "என்ன டீச்சர், நீங்களா?" என்று சிரித்தார்கள்.

மே 20
போன். "அத்தை, அப்பா உங்ககிட்டப் பேசணுமாம்."

மூச்சுச் சத்தம். பிறகு அவர் குரல். "ஐ வாண்ட் டு கோ டு..."

நின்றுவிட்டது. என் வாயில் சொல் தயாராக இருந்தது. சொல்லவில்லை. காத்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அவள்தான் பேசினாள். "அசதியா இருக்கு போல அத்தை. அப்புறம் பேசறோம்."